கேல் நகரின் திறந்த கதவுகள்

பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் துறைமுக நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் இரயில் வண்டியில் ஏறுவோமானால், லியர், ஹெரென்டல்ஸ் என்னும் ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கேல் என்னும் நகரை அடையலாம். வழிநெடுகச் சமவெளியே. மணற்பாங்கான நிலம், இடையிடையே ஊசியிலை மரத் தோப்புகள், மேய்ச்சல் நிலங்களில் பசுக்கள். கெம்பன் என்பது இவ்வட்டாரத்தின் பெயர்.

நகரும் பார்வைக்கு எளியதே. மக்கள் தொகை ஏறத்தாழ 40,000. நடுவே சந்தைச் சதுக்கம். அதையொட்டிப் புனித அமாந்து ஆலயம். அதைச் சுற்றிக் கடைகள், சிற்றுண்டிச் சாலைகள், மிதிவண்டிகள். பயணிகளை ஈர்க்கும் அருவி இல்லை, அரண்மனை இல்லை. எனினும் இருநூறு ஆண்டுகளாகப் பல நாட்டு மருத்துவர்களும் அறிஞர்களும் இவ்வூரைத் தேடி வந்தவண்ணம் இருக்கின்றனர். எதைக் காண்பதற்கு? இங்குள்ள சாதாரண மக்களின் வீடுகளைக் காண்பதற்கே!

மனநோயால் துன்புறும் அந்நியரைத் தம் இல்லத்துக்குள் ஏற்று, உணவளித்து, குடும்பத்தில் ஒருவராக வைத்துப் பேணும் வழக்கம் இவ்வூரில் பல நூற்றாண்டுகளாக நிலவி வருகிறது. தன்னையே வெறுத்துத் தவிக்கும் மனத்துக்கு இவ்வூர் மக்கள் கையாண்டு வந்த மருந்தும், இன்றைய உளச்சிகிச்சையாளர்கள் கற்றுத்தரும் மருந்தும் பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆகவே வாசகர்களே, சிறிது நேரம் கேல் நகரின் தெருக்களில் நடப்போம், வாருங்கள்.

புனித டிம்ப்னாவின் ஆலயம்

சந்தைச் சதுக்கத்திலிருந்து கிழக்கே நடந்தால் புனித டிம்ப்னாவின் ஆலயத்தை அடைகிறோம். மனநோயாளரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றும் கன்னி இவர்.

இவருடைய வரலாறு வாய்மொழியாக வழங்கி வந்தது. 13ஆம் நூற்றாண்டில் காம்ப்ரே நகரைச் சேர்ந்த குரு ஒருவர் அதை எழுத்தில் வடித்தார். அதன்படி, 7ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் ஒரு சிற்றரசன் இருந்தான். அவன் மனைவி இறந்தாள். துயரம் அவன் அறிவைப் பேதலிக்கச் செய்தது. தாயின் சாயலைக் கொண்டிருந்த தன் மகளையே மணக்க முற்பட்டான். மகள் டிம்ப்னா, தம் ஆன்மகுருவான ஜெரிபெர்னுசுடன் கடல் கடந்து கேல் வந்து சேர்ந்தார். தந்தை தேடி வந்து, குருவைக் கொல்வித்து, மகளைத் தன் கையாலேயே வெட்டி வீழ்த்தினான். இதைப் பக்தி மரபுக் கதையாகவே வரலாற்றாசிரியர் கொள்வர். ஆயினும் இக்கதையின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பேதலித்த மனத்தால் மடிந்த ஒரு பெண்ணிடமே, பேதலித்த மனத்தினர் அடைக்கலம் தேடினர். அவளும் அவர்களை வெறுக்கவில்லை என்பது அம்மக்களின் நம்பிக்கை.

இன்று நாம் காணும் ஆலயத்தின் கட்டுமானம் 1349இல் தொடங்கியது. ஆலயத்தை ஒட்டி நோயாளர் அறை ஒன்று பின்னர் எழுந்தது. வெகுதொலைவிலிருந்து அழைத்து வரப்பட்ட நோயாளர் அங்கே ஒன்பது நாட்கள் தங்கி நவநாள் செபத்தில் பங்குபெறுவர். புனிதையின் கல்லறைக்கு அடியில் ஊர்ந்து சென்று மன்றாடுவர். கூட்டம் பெருகப் பெருக அறையில் இடம் போதவில்லை. அப்போது ஊர் மக்கள் தம் வீட்டுக் கதவுகளைத் திறந்தனர். நவநாள் முடிந்தும் குணமடையாதோர் பலர். அவர்களை அழைத்துச் செல்ல வராத உறவினரும் பலர். அத்தகையோர் தங்கியிருந்த வீடுகளிலேயே நிலைத்துவிட்டனர்.

எந்த அரசனும் இதற்கு ஆணையிடவில்லை. எந்த மருத்துவரும் திட்டம் வகுத்துத் தரவில்லை. இடம் போதாமையால் நேர்ந்த ஏற்பாடு இது. அன்பு அதைப் பற்றிக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் காத்தும் வந்தது.

நோயாளி என்ற பெயர் இல்லை

இவ்வில்லங்களில் தங்குவோரைப் பைத்தியம் என்றோ நோயாளி என்றோ அழைப்பதில்லை. "உண்டு உறைபவர்" என்னும் பொருள் தரும் சொல்லாலேயே ஊரார் அவர்களைக் குறிப்பிடுவர். அவர்கள் வயலில் உழைத்தனர்; மாடு மேய்த்தனர்; சமையலறையில் காய் நறுக்கினர்; குழந்தைகளைத் தாலாட்டினர். ஒரு வீட்டில் தாத்தா காலத்தில் வந்தவர், பேரன் காலத்திலும் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பார்.

பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1821இல் இங்கு வந்து கண்டார். 1850இல் பெல்ஜிய அரசு சட்டமியற்றி இப்பணியைத் தன் மேற்பார்வையில் ஏற்றது. 1862இல் மருத்துவமனை ஒன்றும் எழுந்தது. ஓவியர் வின்சென்ட் வான் கோவின் மனநிலை கண்டு கலங்கிய அவர் தந்தை, 1880இல் மகனைக் கேல் நகருக்கு அனுப்ப எண்ணினார் என்பதும் வரலாறு. 1938இல் இவ்வூர்க் குடும்பங்களில் தங்கியிருந்தோர் 3,736 பேர்! அன்று கேல் ஒரு சிற்றூராகவே இருந்தது என்பதை நினைத்தால் வியப்பு இன்னும் மிகும்.

இவ்வரலாற்றில் நிழலே இல்லை என்று நாம் கூறமாட்டோம். முற்காலத்தில் மூர்க்கம் கொண்டோருக்கு விலங்கு பூட்டியதும் உண்டு. ஏழை உழவர்களுக்கு, வந்து தங்கியவரின் உடலுழைப்பு பயன்பட்டதும் உண்டு. இன்று வேளாண்மை குறைந்து, வீட்டிலுள்ள ஆண், பெண் இருவரும் வேலைக்குச் செல்லும் காலத்தில், இவ்வாறு தங்குவோரின் தொகையும் மிகச் சுருங்கிவிட்டது. ஆயினும் வழக்கம் மறையவில்லை. மருந்தும், மருத்துவரும், வீடு தேடிச் செல்லும் மனநலச் செவிலியரும் பின்நிற்க, குடும்பம் முன்நிற்கிறது. இப்பராமரிப்பு மரபை 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் பாதுகாக்கத்தக்க நற்செயல் முறைகளின் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது.

பொத்தான்களின் கதை

இவ்வூரைப் பற்றி வழங்கும் நிகழ்ச்சி ஒன்று நம் கருத்தைக் கவர்கிறது. ஒரு வீட்டில் தங்கியிருந்தவர், ஒவ்வொரு நாளும் தம் சட்டைப் பொத்தான்களை எல்லாம் திருகித் திருகிப் பிய்த்துவிடுவார். அவ்வீட்டு அம்மையாரோ ஒவ்வொரு நாளும் அவற்றை மீண்டும் தைத்துக் கொடுப்பார். இதைக் கேட்ட ஒருவர், "அறுந்து போகாத தூண்டில் நரம்பால் தைத்துவிடலாமே!" என்று யோசனை கூறினார். அம்மையார் அதற்கு உடன்படவில்லை. அப்படிச் செய்வதைவிடப் பெரிய தீங்கு வேறில்லை என்றார். பொத்தானைத் திருகுவது அவருக்கு ஓர் ஆறுதல். அதைப் பறிக்கலாகாது என்பது அவர் கருத்து.

இன்னொருவர் கண்ணுக்குச் சுவர்களிலிருந்து சிங்கங்கள் புறப்பட்டு வரும். "சிங்கமாவது, சுவராவது!" என்று அவரை அந்த வீட்டார் ஏளனம் செய்யவில்லை. சிங்கங்களை விரட்டுவதுபோல் பாவனை செய்வர். அவர் அச்சம் தணிவார்.

இவற்றில் மருத்துவ நுணுக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. திருத்த வேண்டும் என்ற துடிப்பு இல்லை, வெட்கப்படுத்தல் இல்லை, "நேற்றுத்தானே தைத்தேன்!" என்ற சலிப்பும் இல்லை. இருக்கும் நிலையிலேயே ஒருவரை ஏற்கும் பொறுமை மட்டும் உண்டு. ஊசியும் நூலும் அப்பொறுமையின் கருவிகள்.

நமக்குள் இருக்கும் அந்நியர்

இப்பொத்தான் கதையை நம் உள்ளத்தின் பக்கமாகத் திருப்பிப் பார்ப்போம்.

தேர்வில் தோற்ற மகன், "நான் எதற்கும் உதவாதவன்" என்று தனக்குள் ஆயிரம் முறை சொல்லிக்கொள்கிறான். பிள்ளையை இழந்த தாய், "அன்றே மருத்துவரிடம் போயிருந்தால்..." என்று ஆண்டுகள் பல கடந்தும் தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறாள். வேலை இழந்த தந்தை, மனைவி மக்களின் முகத்தில் விழிக்கக் கூசுகிறார். மனச்சோர்வு நோயால் படுக்கையை விட்டு எழ இயலாத பெண், நோயின் வேதனையோடு, "சோம்பேறி" என்று தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயரின் வேதனையையும் சுமக்கிறாள். அயலார் ஒருவர் இதே நிலையில் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றால், ஒரு குவளை காப்பியாவது கொடுத்து ஆறுதல் கூறுவோம். நாமே அந்நிலையில் இருக்கும்போதோ, நம் உள்ளத்தின் வாயிலை நமக்கே அடைத்துவிடுகிறோம்!

விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றுவோர் நாம். நம் உள்ளே அஞ்சி ஒடுங்கி நிற்கும் அந்த ஒருவருக்கு மட்டும் அவ்வறம் கிடைப்பதில்லை.

சிகிச்சை அறையில் நடப்பது என்ன?

இக்குறையைத் தீர்ப்பதையே நோக்கமாகக் கொண்ட உளச்சிகிச்சை முறைகள் அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளன. இங்கிலாந்தின் டெர்பி நகரில் பணியாற்றிய உளவியலறிஞர் பால் கில்பர்ட் அவற்றுள் ஒன்றை வகுத்தவர். தம்மிடம் வந்தவர்களிடம் அவர் ஒரு புதுமையைக் கண்டார். "நடந்தது உன் தவறன்று" என்பதை அவர்கள் அறிவால் உணர்ந்தனர். அதைத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளவும் பழகினர். ஆனால் எந்தக் குரலில்? கடுகடுப்பான, ஏளனம் நிறைந்த குரலில்! சொல் சரியாக இருந்தது. குரல் பழைய குரலாகவே இருந்தது. குரல் மாறாமல் நோய் தணியாது என்று உணர்ந்த அவர், உள்ளத்தின் குரலைக் கனிவிக்கும் பயிற்சிகளை அமைத்தார். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் நெஃப் 2003இல் இப்பண்பை ஆராய்ந்து, அதற்கு மூன்று கூறுகள் உண்டு என்றார். தன்னிடம் கனிவாய் இருத்தல் முதலாவது. துன்பமும் தவறுதலும் மாந்தர் அனைவருக்கும் பொது என்று உணர்தல் இரண்டாவது. வேதனையை மறைக்காமலும் பெரிதாக்காமலும் உள்ளவாறு நோக்குதல் மூன்றாவது. இப்பண்பை நாம் "தன்பரிவு" என்று அழைக்கலாம்.

இது கழிவிரக்கம் அன்று. கழிவிரக்கம் கொண்டவர், "உலகில் என்னைப்போல் துன்பப்பட்டவர் உண்டோ?" என்று கேட்பார். தன்பரிவு உடையவரோ, "என்னைப்போல் எத்தனையோ பேர்!" என்று உணர்வார். முன்னது தனிமையில் அடைக்கும். பின்னது மனிதக் குடும்பத்தில் சேர்க்கும்.

சிகிச்சை அறைக்குள் அதிசயம் எதுவும் நிகழ்வதில்லை. இரண்டு நாற்காலிகள், ஒரு மேசை, அமைதி. வந்தவர் பேசுகிறார், சிகிச்சையாளர் கேட்கிறார். சில வாரங்கள் சென்றபின் எளிய பயிற்சிகள் தொடங்கும். மூச்சை மெதுவாக இழுத்துவிடக் கற்பிப்பார். பதறும் உடல் தணிந்தால்தான் உள்ளம் செவிசாய்க்கும். "உங்கள் உயிர்த்தோழிக்கு இதே துன்பம் நேர்ந்தால் என்ன எழுதுவீர்கள்? அதையே உங்களுக்கு எழுதுங்கள்" என்பார். சில வேளைகளில், காலியான நாற்காலி ஒன்றைக் காட்டி, அதில் அமர்ந்து உள்ளே ஒலிக்கும் கண்டிப்புக் குரலாகவே பேசச் சொல்வார். பின்னர் எதிர் நாற்காலிக்கு மாறி, அக்கண்டிப்பைத் தாங்கியவராகப் பேசச் சொல்வார். பல்லாண்டுகளாகத் தன்னைக் குத்திய சொற்களைத் தன் வாயாலேயே உரக்கக் கேட்கும்போது, "இவ்வளவு கொடுமையாகவா என்னிடம் பேசி வந்தேன்!" என்று பலர் திகைப்பர்.

இது எளிதில் கைகூடுவதன்று. சிறு வயதில் அடியும் ஏச்சுமே அறிந்தவருக்குக் கனிவு அச்சமூட்டும். அன்பான சொல்லொன்று காதில் விழுந்தவுடன் அடங்காத அழுகை வரலாம், சினமும் வரலாம். தீப்பற்றி மூடிக் கிடக்கும் அறையின் கதவைத் திறந்ததும் காற்றுப் புகுந்து தீ சீறி எழுவதை, அமெரிக்க உளவியலறிஞர் கிறிஸ்டோபர் ஜெர்மர் இதற்கு உவமை காட்டுகிறார். ஆகவேதான் துணையின்றித் தனியே முயல்வதைவிட, பயிற்சி பெற்ற ஒருவரோடு சிறிது சிறிதாகக் கதவைத் திறப்பது நலம் பயக்கும்.

சலுகை தருவதாகுமோ?

"இப்படித் தன்னைத்தானே தட்டிக்கொடுத்தால் மனிதன் சோம்பிப் போகமாட்டானா? குற்ற உணர்வு மழுங்கிவிடாதா?" என்று நம் குடும்பப் பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மாணவர்களுக்குக் கடினமான சொல்தேர்வு ஒன்றை வைத்தனர். மதிப்பெண் குறைந்த பின்னர், ஒரு பிரிவினரிடம், இது பலருக்கும் கடினமானதே, உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம் என்றனர். இன்னொரு பிரிவினரிடம், நீங்கள் அறிவாளிகளே என்று புகழ்ந்தனர். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் யார்? பரிவுச் சொல் கேட்டவர்களே!

திருச்சபையின் பிள்ளைகளாகிய நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆண்டவரின் சீடர்களுள் இருவர் ஒரே இரவில் தவறினர். இருவரும் மனம் நொந்தனர். பேதுரு அழுதார், மீண்டும் நண்பர்களிடையே வந்து சேர்ந்தார். யூதாசோ தனக்குத்தானே தீர்ப்பு எழுதித் தனியே போய் மடிந்தான். மனத்துயர் திரும்பி வரும் வழியைக் காட்டும். தன்வெறுப்பு அவ்வழியை அடைக்கும். பிறரன்புக்கு அளவுகோலாக ஆண்டவர் வைத்தது நாம் நம்மீது கொள்ளும் அன்பையே அல்லவா? அளவுகோலே முறிந்திருந்தால் அளப்பது எப்படி?

கேல் நகரத்துப் பாடம்

இப்போது மீண்டும் அந்த அம்மையாரின் ஊசி நூலை நினைவு கூர்வோம். அவர் தம் வீட்டில் தங்கியவருக்குச் செய்ததையே, சிகிச்சையாளர் தம்மிடம் வருவோருக்குச் செய்கிறார். நாளடைவில் அவர்கள் தமக்குத்தாமே செய்யவும் கற்பிக்கிறார். இன்றும் பொத்தான் அறுந்ததா? இன்றும் தைப்போம். நேற்று விரட்டிய அச்சம் இன்று சுவரிலிருந்து வந்ததா? இன்றும் உடன் நிற்போம்.

எவரும் தன்பரிவைத் தனியே கற்பதில்லை என்பதே இவ்வூர் உணர்த்தும் உண்மை. பிறர் கண்ணில் தனக்கு இடம் உண்டென்று கண்டவனே, தன் கண்ணிலும் தனக்கு இடம் தருவான். அக்கண் தாயினுடையதாக இருக்கலாம். கேல் நகரத்துக் குடும்பத் தலைவியினுடையதாக இருக்கலாம். பயின்ற சிகிச்சையாளருடையதாகவும் இருக்கலாம். சிறு வயதில் அப்பார்வை கிட்டாதவருக்கு அதைப் பிற்காலத்திலேனும் அளிக்கும் கலையே உளச்சிகிச்சை.

நம் நாட்டிலும் இவ்வுண்மையை உணர்ந்தோர் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1957இல் தொடங்கியது. நோயுற்றவரோடு குடும்பத்தாரும் உடன் தங்கி, சிகிச்சையில் பங்குபெறுவது அதன் சிறப்பு. இதற்கு மாறான கொடுமையையும் நாம் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் அகற்றும். "பாவத்தின் தண்டனை", "குடும்பத்துக்கு அவமானம்" என்னும் சொற்சங்கிலிகளை யார் அகற்றுவது? அது நம் பங்குக் குடும்பங்களின் கடமை.

நம் புனிதத் தலங்களுக்கும் மனநோயுற்றோரை அழைத்து வருகின்றனர். செபம் நிகழட்டும், மருத்துவமும் நிகழட்டும். கேல் நகரில் ஆலயமும் மருத்துவமனையும் ஒன்றையொன்று விலக்கவில்லை. நாமும் விலக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் உறக்கமின்றி, உணவின்றி, வாழ்வில் பற்றின்றிச் சில வாரங்களாக வாடுவாரானால், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரிடம் சென்று திரும்பியவரிடம், "இன்னும் சரியாகவில்லையா?" என்று நாள்தோறும் கேளாதிருப்போம். அவருக்கு உரிய நாற்காலி உணவு மேசையில் அவருக்காகவே இருக்கட்டும். காய் நறுக்கவோ, பூச்செடிக்கு நீர் ஊற்றவோ, அவரால் இயன்ற சிறு பணி ஒன்று அவருடையதாக இருக்கட்டும். அவர் பேசும்போது கேட்போம். பேசாதபோது அருகில் அமர்வோம். வீட்டார் அவரிடம் பேசும் கனிந்த குரலே, ஒருநாள் அவர் தம்மோடு தாமே பேசும் குரலாக மாறும்.